மூன்றாவது ஓலைக்கு முன்

எங்கள் ராயபுரத்தில் அந்த நோய்க்கு வழங்கிய பெயர் பொம்பளைச் சீக்கு. கப்பலில் வந்தவனும் துறைமுகத்தில் வேலை செய்பவனும் போய் வாங்கிக்கொண்டு வருவார்கள். பெயர் மட்டும் பெண்ணுக்கு. நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடுதான் அறுபதுகளின் கடைசியில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பெண்களுக்கு விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம், சுகாதாரப் பாடத்தில் இந்த நோய்களைப் பற்றியும் சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைமையாசிரியையான மதர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நோய் இருக்குன்னு சொல்லுங்க. எப்படி வருதுன்னு சொல்ல வேண்டாம்."

"எப்படி வருதுன்னு தெரியாம எப்படித் தடுக்கிறது மதர்?"

"சுத்தமா இருக்கச் சொல்லுங்க."

சோப்பு போட்டுக் குளித்தால் போய்விடும் என்று சொல்லிவிடட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சம்பளம் வாங்குகிற வாய், மூடிக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வகுப்பு என்று முடிவானது.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வசமாக மாட்டிவிட்டது. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெண் யார், மாப்பிள்ளை யார், அப்பன் பெயர், தொழில், தெரு எல்லாவற்றையும் சாமியார் படிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடிப்பார். அன்றைக்குப் படித்த ஓலையில் இருந்த பெண் என் வகுப்பில் இரண்டாம் வரிசைக்காரி. பரீட்சையில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தவறி, பதினெட்டு முடிந்தும் விடாமல் பள்ளிக்கு வந்தவள். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நல்ல இடம்தான் என்று எனக்கும் சந்தோஷம்.

பூசை முடிந்து ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். முகம் சரியில்லை. அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இந்த நோய்களைப் பார்க்கும் பிரிவில் கம்பவுண்டர். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தக் கிரேன்காரன் நம்மகிட்ட ஊசிக்கு வந்தவன். பத்து ஊசி போடணும். நாலோட நின்னுட்டான். புண்ணு ஆறிப்போச்சு, இனிமே இன்னாத்துக்குன்னு நெனச்சிகினான். சீக்கு உள்ளதான் கீது."

"அதே ஆளுதானா?"

"அப்பன் பேரு, தெரு எல்லாம் என் கையால சீட்டுல எழுதினேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். சாமியாரிடம் போகிறேன் என்றேன். அவர் வழிமறிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"போ. ஒனக்கு யார் சொன்னதுன்னு கேப்பார். இன்னா சொல்வே? என் வேல போனா போவுது. மூஞ்சிய துணியால மூடிகினு, நம்மள நம்பி வரானுங்கமே. கம்பவுண்டர் வெளிய சொல்றான்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் வருவானா? வராம வூட்டுலயே குந்திகினு பொண்டாட்டிக்குக் குடுப்பான்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் என் கஷ்டமே. அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். செருப்பைக் கழற்றி மூலையில் விட்டேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. மறுநாளே துறைமுக வாசலில் காத்திருந்து, மிச்ச ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவனிடம் தனியாகக் கெஞ்சியிருக்கிறார். நீ யாருன்னே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம்.

இரண்டாவது ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். கடமை என்ற வார்த்தை வந்தபோது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பெண்கள் அவள் இடுப்பைக் கிள்ளிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். எழுந்து வெளியே போகலாம் என்றால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மதர் சொன்னதைக் காற்றில் பறக்கவிட்டேன். இந்த நோய் உடலுறவால் வருவது என்றேன். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் வரும், அவள் ஒரு தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை என்றேன். புண் ஆறினால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. பாதி ஊசியில் நின்றவன் இன்னும் நோயாளிதான். ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இரண்டு பேரும் முழுசாக ஊசி போட்டுக்கொண்டால் குணமாகும். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி, தானே அடங்கியது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்கு ரத்தம் பார்க்கச் சொல்வதில் தப்பே இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். ஆணுறையைப் பற்றியும் சுற்றறிக்கையில் இருந்தது. சுவரில் மாதா படம் தொங்கியது. என் தைரியம் அது வரைக்கும் நீளவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசினேன், அவளைத் தவிர.

மணி அடித்ததும் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"ரத்தம் பாக்கச் சொன்னா, இந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் எப்டித் தெரியும்னு கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க டீச்சர்."

"நின்னா நிக்கட்டுமே."

"எனக்குக் கீழ மூணு தங்கச்சிங்க கீறாங்க." மேஜை ஓரத்தைத் தடவினாள். "டீச்சர், எனக்காகவா சொன்னீங்க? அவரப் பத்தி எதுனா தெரியுமா ஒங்களுக்கு?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் துணியால் முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் என் கண்முன் வந்து நின்றார்கள். எனக்குப் பயமும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

"எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "நான் பயந்தே பூட்டேன் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன். வெட்கம் கெட்டு விருந்தும் சாப்பிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கேரியரை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் ஜன்னலருகே அவள் நின்றிருந்தாள். ஐந்து மாத வயிறு. துணைக்கு யாருமில்லை.

"டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லிக் குடுத்தது நல்லதாப் போச்சு. ஒடம்புல தடிப்பு வந்ததும் நானே வந்து ரத்தம் குடுத்துட்டேன். இன்னிக்குதான் மொத ஊசி. விடாம போட்டுகினா கொழந்தையக் காப்பாத்திடலாம்னாங்க. அவருதான் வரமாட்டேங்கிறாரு."

நான் பதில் சொல்வதற்குள் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கை நீண்டது. சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அவளைக் கவனிக்கவில்லை.

"வந்துட்டியா? கேரியர இப்டிக் குடும்மே."

கொடுத்தேன். அவள் என் கையை விட்டாள். அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க வூட்டுக்காரரா டீச்சர்?"

"ஆமா."

"எத்தினி நாளா இங்க வேல செய்றாரு?"

பொய் சொல்ல இடமே இல்லை. "எட்டு வருஷமா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு, பெண்களுக்கு ஊசி போடும் வரிசையில் கடைசியில் போய் நின்றாள்.