காதர் வாங்க நினைத்த பறவை

போன ஞாயிறு, சிங்கப்பூர் பாசிர் ரிஸ்ஸில் என் பள்ளித்தோழன் காதர் வீட்டில் மதியச் சாப்பாடு. பிரியாணி முடிந்து கை கழுவியதும் வாசல் காரிடாருக்கு இழுத்துப் போனான். மேலே கூண்டு மாட்டப் புதிதாக ஒரு கொக்கி!

"அத்தா வளர்த்தாரே, அதே பறவை வருதுடா. தெரிஞ்ச ஆளு கொண்டாறேன்னிருக்கான். அந்தக் குரல மறுபடி கேக்கப் போறோம்!"

எனக்கும் சிலிர்த்தது. அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை. ஞாயிறு காலையில் கூண்டும் கையுமாகக் காப்பிக்கடைக்குக் கிளம்புவார். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அங்கே வரிசையாகக் கூண்டுகள்... கீழே காப்பியோடு பெரியவர்கள். வாரம் முழுக்கக் கத்துகிற மனுஷர்கள், பறவை வாயைத் திறந்தால் கப்சிப்!

வைக்கோல் நிறத் தலை. மலாயில் பாராவ்-பாராவ் என்பார்கள். வீட்டில் பப்பாளி வெட்டினால் முதல் துண்டு அதற்குத்தான். எங்களுக்கெல்லாம் அப்புறம். அந்தக் காலைகளுக்காக இன்றும் ஏங்குகிறேன்.

காதரின் மகள் நசீமா பறவைப் பாதுகாப்புத் தொண்டர். கொக்கியைப் பார்த்தாள். எங்களை உள்ளே கூப்பிட்டு மேசையில் சில அட்டைகளைப் பரப்பினாள். தொண்டர்களுக்கான பயிற்சியாம். காடழிப்பு, சாலை, பூனை, கண்ணாடிக் கட்டடம், கூண்டு — இந்தப் பறவைக்கு எது பெரிய ஆபத்து? வரிசைப்படுத்த வேண்டும்.

மண்டையைக் குடைந்தோம். காடழிப்பு முதலில்... கூண்டு கடைசியில்.

"கூண்டுக்குள்ள சேஃப்பா இருந்துச்சுலா!" என்றான் காதர்.

நசீமா கூண்டை எடுத்து முதலிடத்தில் வைத்தாள். "பக்கத்து நாடுகள்ல காடு இன்னும் எத்தனையோ இடத்துல இருக்கு அத்தா. பாட்டுக்காகப் புடிச்சுப் புடிச்சே பறவை காலியாயிடுச்சு. மிச்சம் இருக்கறதுல நெறைய நம்ம சிங்கப்பூர்லதான். மரம் நடலாம்... ஆனா மொதல்ல புடிக்கறத நிறுத்தணும்."

காதரின் முகம் சுருங்கிவிட்டது. "உங்க தாத்தா அதுமேல உசுரையே வெச்சிருந்தாரும்மா..."

"அவங்கள மாதிரியே எல்லாரும் உசுர வெச்சதுதான் அத்தா பிரச்சினை."

காதர் போனை எடுத்து அந்தத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டான். "பறவை வேணாம்லா... எனக்கு மட்டுமில்ல, யாருக்கும் புடிச்சுக் குடுக்காத." வைத்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்தக் குரலை இனி கேட்கவே போவதில்லையோ என்ற துக்கம்.

ஆபத்து என்றதும் நமக்கு ஏன் எப்போதும் அடுத்தவன் முகமே ஞாபகத்துக்கு வருகிறது?

அந்த நேரம் பார்த்து, காரிடார் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியது. அதன் பாட்டுக்கு யாரும் ஆசைப்பட்டதில்லை — கொடுத்துவைத்த ஜென்மம்!