பனங்களி மஞ்சள்

பனம்பழத்துக்குள்ள எத்தினை மஞ்சள் இருக்கெண்டு என்னட்டைக் கேளுங்கோ, சொல்லுவன். பார்க்கிற ஆக்களுக்கு எல்லாம் ஒரே செம்மஞ்சள்தான். பழத்தைப் பிழிஞ்செடுத்த களியை அசற்றோனில கரைச்சு, வடிச்சு, வெள்ளைத் தூள் அடைச்ச கண்ணாடிக் குழாயின்ர மேல்வாயில விட்டு, கரைப்பானை மெல்ல மெல்ல ஊத்திக்கொண்டு இருந்தால், அந்த ஒரு நிறம் பிரிஞ்சு தனித்தனி வளையமாய் இறங்கும். கரட்டில இருக்கிற அதே கரோட்டீன் முதல்ல ஓடி வரும். மற்றதுகள் மேலேயே பிடிச்சுக்கொண்டு நிக்கும். யாழ்ப்பாணத்தில, ஒரு ஆய்வுகூடத்துக்குள்ள, உதுதான் என்ர மேற்படிப்பு வேலை. குழாயைக் காய விடக்கூடாது, வெளிச்சம் பட விடக்கூடாது, இடையில எழும்பித் தேத்தண்ணி குடிக்கவும் ஏலாது. சுருக்கமாச் சொன்னால் விசர் வேலை.

அப்பா போய் ஆண்டுத் திவசமும் முடிஞ்சுது. ஆராவது அப்பாவைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு முதல்ல வாயில வாறது உந்தக் குழாய்க் கதைதான். நெஞ்சுக்குள்ள வேற ஒண்டும் அசையுதில்லை. கல்நெஞ்சுக்காரி எண்டு சொந்தத்துக்குள்ள கதைக்கினமாம். கதைக்கட்டும்.

எங்கட வீடு தீவுப்பக்கம், இறுப்பிட்டியில. அப்பா பஸ் ஓட்டினவர், ஓய்வெடுத்த பிறகு வீட்டில சும்மா இருக்கத் தெரியாத மனுசன். அதால பழம் சேர்க்கிற பொறுப்பை அவரிட்டைக் குடுத்தனான். ஆவணி மாதம், விடியக்குள்ள, மாடு வாய் வைக்க முதல், வளவு முழுக்க நடந்து சாக்கில பொறுக்குவார். முதல்நாள் நான் சட்டியோட வெளியில வந்து பார்க்கிறன், பொறுக்கின பழம் அத்தனையையும் நெருப்பில போட்டுச் சுட்டு வைச்சிருக்கிறார். வளவெல்லாம் வாசம்.

"ஐயோ அப்பா! சூடு பட்டால் நிறமெல்லாம் மாறிப்போம். பச்சையாய் வேணும் எண்டெல்லே சொன்னனான்?"

"பச்சைப் பழம் கைக்கும் பிள்ளை. சுடாமல் ஆர் தின்னுவினம்?"

"நான் தின்னவோ கேட்டனான்?"

அம்மா குசினிக்குள்ள நிண்டு சிரிச்சா. சுட்டதை வீசவும் மனமில்லை. அப்பாவே இருந்து ஒவ்வொண்டாய்ச் சூப்பி முடிச்சார். அடுத்தநாள் தொடக்கம் எனக்குப் பச்சை, அவருக்குச் சுட்டது எண்டு ஒரு முறை வந்திட்டுது.

களி பிழிஞ்சு தாறதும் அவர்தான். எனக்குத் தும்பு கையைக் கிழிக்கும். அவருக்கு ஸ்டியறிங் பிடிச்ச கை, ஒண்டும் செய்யாது. பிழிஞ்சு பிழிஞ்சு ரெண்டு கையும் முழங்கை மட்டும் மஞ்சளாய்ப் போச்சு. சவுக்காரம் போட்டாலும் லேசில போகாது. சந்தியில நிண்டவை விடுவினமே? "என்ன அண்ணை, களி காயப்போடுற பாயிலையோ படுக்கிறனீங்கள்?" எண்டு பகிடி. அப்பாவுக்கு அது சரியான பெருமை. "மகளின்ர ஆராய்ச்சியடாப்பா. என்னிலைதான் முதல் பரிசோதனை" எண்டு கையை விரிச்சுக் காட்டுவார்.

பழக்காலம் முடிஞ்சுது. நான் கிழமைநாளில யாழ்ப்பாணத்தில ஒரு அறையில இருந்திட்டு, சனிக்கிழமையில வீட்டை வாறனான். அம்மா போனில சொல்லுவா: "கொப்பருக்கு உந்த மஞ்சள் இன்னும் போகேல்லை, முகத்திலையும் ஏறியிருக்கு. அவ்வளவு பழத்தைத் திண்டால் ஏறாமல் என்ன செய்யும்?" ஊரே அப்பிடித்தான் சொன்னது. அதில பொய்யுமில்லை. கரோட்டீனைக் கணக்கில்லாமல் உள்ளுக்கு அனுப்பினால் தோல் மஞ்சளாகும்தான்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸால இறங்கேக்க அப்பா தரிப்பில நிண்டார். "வா பிள்ளை" எண்டு சிரிச்சார். முகத்தில வெய்யில் நேரா விழுந்தது. நான் கண்ணைப் பார்த்தன். கண்ணின்ர வெள்ளை மஞ்சளாய் இருந்தது.

பனங்களி உள்ளங்கையை மஞ்சளாக்கும், உள்ளங்காலை மஞ்சளாக்கும். கண்ணின்ர வெள்ளைக்கு அது போகாது. அங்கை ஏறுறது பித்த மஞ்சள். ஈரலிலையோ அதுக்குப் பக்கத்திலையோ ஏதோ பிழைச்சால்தான் அது ஏறும். இதை அறிய எனக்குக் குழாய் தேவைப்படேல்லை.

அவர் என்ர பையை வாங்கினார், குடுத்தன். மத்தியானத்துக்கு மீனோ மரக்கறியோ எண்டு கேட்டார், மீன் எண்டன். வீடு மட்டும் அவருக்குப் பின்னால நடந்தன்.

திங்கட்கிழமை "சும்மா ஒருக்கால் காட்டுவம்" எண்டு சொல்லி யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஆஸ்பத்திரியில வீட்டை விடாமல் வாட்டில மறிச்சுப் போட்டினம். ஸ்கான் எடுத்தவை. கிழமைக் கடைசியில டொக்டர் என்னை மட்டும் வெளியில கூப்பிட்டார். கணையத்தில கட்டி, பித்தம் வாற வழியை அடைச்சிருக்கு, ஈரலுக்கும் போயிட்டுது, வெட்டி எடுக்க ஏலாது எண்டார். பாவம், நல்ல மனுசன், மெதுவாய்த்தான் சொன்னவர். "அவருக்கு நாங்கள் சொல்லுறதோ, நீங்கள் சொல்லுறியளோ?" எண்டு கேட்டார்.

"நான் சொல்லுறன்" எண்டன். சொல்லேல்லை.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து நேர்ஸ் பிள்ளையளுக்குப் பிரசங்கம் வைச்சுக்கொண்டிருந்தா. "எல்லாம் உந்தப் பனம்பழத்தாலதான் தங்கச்சி. இனி ஒரு பழம் வீட்டுக்குள்ள ஏறாது. இந்த நிறம் போகட்டும், நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மனுக்குப் பொங்கிறதெண்டு நேந்திருக்கிறன்." பேந்து என்ர பக்கம் திரும்பி, "நீதானே இதைப் படிக்கிறனி, எத்தினை நாளில போகும்?" எண்டு கேட்டா. "கொஞ்சம் செல்லும் அம்மா" எண்டன். அவவுக்கு அது போதும். அவவின்ர முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் கிடந்தது.

அண்டைக்குப் பின்னேரம் நான் ஆய்வுகூடத்துக்குத்தான் போனனான். வீட்டை போகச் சொன்னார் என்ர பேராசிரியர். வீட்டை போய் என்ன செய்யிறது? குழாயை அடைச்சன், சாற்றை விட்டன், வெள்ளிக் கடதாசியைச் சுத்தினன். அண்டைக்கு மாதிரி அது ஒருநாளும் பிரிஞ்சதில்லை. ஒவ்வொரு வளையமும் கோடு கீறின மாதிரி வேற வேறாய் நிண்டுது. மாதக்கணக்காய் நான் பாடுபட்டது இதுக்குத்தான். சந்தோசப்படவேணும் எண்டு தெரிஞ்சுது, வரேல்லை. அழுகையாவது வருமெண்டு பார்த்தன், சனியன், அதுவும் வரேல்லை. சோதனைக் குழாயளை மாத்தி மாத்திப் பிடிச்சு, பேர் ஒட்டி, குளிர்ப்பெட்டியில வைச்சிட்டு, பாத்திரம் கழுவினன்.

பேந்து ஆஸ்பத்திரியில அப்பாவை வீட்டை போக விட்டவை. செய்யிறதுக்கு ஒண்டுமில்லை எண்டுதான் விட்டவை. சுகமாக்கித்தான் அனுப்பியிருக்கினம் எண்டு அம்மா நினைச்சா. உடம்பு வரவரச் சிறுத்துது. மஞ்சள் போய்ப் பச்சை ஓடின மாதிரி ஒரு நிறம் வந்துது. அம்மா கஞ்சி, இளநி, கீழ்காய்நெல்லி எண்டு ஓடித் திரிஞ்சா. பார்க்க வாறவைக்கெல்லாம் பனம்பழக் கதைதான். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு.

ஒருநாள் காலமை அம்மா கிணத்தடிக்குப் போயிருந்தா. அப்பா அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்தார். விரலால கீழ் இமையை இழுத்துப் பிடிச்சுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கஞ்சியோட உள்ளுக்குப் போனன். அவர் திரும்பேல்லை, கண்ணாடிக்குள்ளாலதான் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, பனம்பழம் திண்டால் கண்ணும் மஞ்சளாகுமோ?"

"ஓம் அப்பா" எண்டன். "கனக்கத் திண்டால் ஆகும்."

இமையை விட்டார். வெளியில அம்மா வாளி இழுக்கிற சத்தம் கேட்டது. அப்பா கிணத்தடிப் பக்கம் திரும்பினார்.

"சரி" எண்டார். "கொம்மா கேட்டாலும் உப்பிடியே சொல்லு. நானும் அவவுக்கு உந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வாறன்."