இரண்டு முறை அச்சான வெட்டு உத்தரவு

எண்பதுகளின் கடைசியில், தினமும் காலை திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய் ஒரு கரும்பு ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எந்த விவசாயி எந்த நாளில் எத்தனை லோடு கரும்பு வெட்டி அனுப்பலாம் என்று நாங்கள்தான் சீட்டு கொடுப்போம். அதற்கு வெட்டு உத்தரவு என்று பெயர். கையால் எழுதிய காலத்தில், வேண்டப்பட்டவர்களுக்கு முன்னால் போட்டுவிடுகிறார்கள் என்று ஊர் ஊராகச் சண்டை. அந்தப் புகாரை ஒழிக்கத்தான் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதில் டைப் அடிக்க என்னை எடுத்தார்கள். என் வேலை நிரந்தரமில்லை. வாய்த்துடுக்குதான் நிரந்தரம்.

வாங்கிய பெரிய கம்ப்யூட்டரில் ஒரு சிக்கல். எங்கள் புரோகிராம் சின்ன கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது, இதில் ஓடாது. மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர், பெரியதுக்குள்ளேயே நிஜத்தில் இல்லாத ஒரு சின்ன கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் புரோகிராமை ஓடவிட்டார். இன்று மெய்நிகர் கணினி என்கிறார்களே, அதுதான்.

“உள்ள ஒண்ணு இருக்குதே, அதுக்குத் தான் உள்ள இருக்கோம்னே தெரியாதும்மா. பிரிண்டர் தன்னோடதுன்னு நெனச்சுக்கினு இருக்கும்” என்றார். எல்லாம் புரிந்தவள்போலத் தலையாட்டிவைத்தேன்.

உண்மையில் பிரிண்டர் பெரியதின் பிடியில் இருந்தது. சின்னது கொடுப்பதைப் பெரியது வாங்கி வைத்துக்கொள்ளும். புரோகிராமை மூடிய பிறகுதான் அச்சடிக்கும். வாங்கி வைத்திருக்கிறேன், பொறு என்று உள்ளே ஒரு வார்த்தை சொல்லாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்று மதியத்துக்குள் எல்லாச் சீட்டுகளையும் அச்சடிக்கக் கொடுத்தேன். முடிந்தது என்று திரையில் வந்தது. பிரிண்டர் கம்மென்று இருந்தது. இன்னொரு முறை கொடுத்தேன். மறுபடியும் முடிந்தது என்றது, காகிதம் அசையவில்லை. சனியன் என்று திட்டிவிட்டு, புரோகிராமை மூடிச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது, எல்லாச் சீட்டும் வந்துவிட்டதென்றும், ஊர்வாரியாகக் கட்டி ஆலையின் களப்பணியாளர்களிடம் கொடுத்தனுப்பிவிட்டதாகவும் குமாஸ்தா சொன்னார். அப்பாடா என்று இருந்தது. எத்தனை வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் இரண்டு வந்திருந்தது. அச்சாகும்போதுதான் நம்பர் விழும் என்பதால், இரண்டிலும் வேறு வேறு நம்பர். மற்ற ஊர்களுக்குப் போனவர்கள் சந்தேகப்பட்டு ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். காணை என்ற ஊர்ப் பக்கம் போனவர் மட்டும் ஒரு வீட்டில் இரண்டையும் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மா அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, சொந்த நிலத்தைத் தானே பார்த்துக்கொள்பவர்.

“ரெண்டு சீட்டு வந்திச்சிங்க, ரெண்டு லோடு வெட்டிட்டேன். உனுக்கு ஒரு லோடுதான்னு சொல்லி ஒண்ணத்தான் எடுத்துக்கினாங்க. இன்னொண்ணு ஆலை வாசல்ல நின்னு காஞ்சிக்கினு இருக்குதுங்க” என்று எங்கள் அதிகாரியிடம் சொன்னார். வெட்டிய கரும்பு ஒவ்வொரு நாளும் எடை இறங்கும். அது ஒரு வருஷத்து உழைப்பு.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “என்னம்மா, மிஷின் கோளாறா?”

“ஆமா சார்” என்றேன். யோசிக்கவே இல்லை.

“அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்களே” என்றார் அவரிடம். “நம்ம ஆளு தப்பு பண்ணியிருந்தா எழுதி வாங்கி, லோடை உள்ள விடச் சொல்லலாம். மிஷின்கிட்ட என்னன்னு எழுதி வாங்குறது?”

அந்த அம்மா இரண்டு சீட்டையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் செய்ததை மிஷின் மேல் போட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

“சார், மிஷின் இல்ல. நான்தான் ரெண்டு தடவ குடுத்தேன்.”

“எழுத்துல குடுத்தா மெமோ வரும். யோசிச்சிக்கோம்மா.”

“பேப்பர் குடுங்க சார்” என்றேன், கொஞ்சம் கோபமாகவே. கோபம் என் மேல்தான்.

மறுநாள் அந்த லோடு உள்ளே போனது, எடை இறங்கித்தான். எனக்கு மெமோ வந்தது. வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை. மனதில் நிற்பது, கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்க அந்த அம்மாவின் பின்னால் வாசல்வரை ஓடியபோது நடந்தது. திட்டட்டும் என்று நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரெண்டு சீட்டப் பாத்ததுமே சந்தேகமாத்தாம்மா இருந்திச்சு. பஸ் ஏறி வந்து கேட்டுட்டுப் போலாம்னு கெளம்பினேன். கம்ப்யூட்டரு போட்டத யார்கிட்டப் போய்க் கேப்ப, ஜல்தியா வெட்டுற வேலயப் பாருன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. அதும் பின்னால நீ ஒருத்தி குந்திக்கினு இருக்கேன்னு யாரும் சொல்லலையேம்மா.”