புனல்காரரும் ஒரு ஜன்னலும்

என் பெரியப்பா ஊமைப்படம் எடுத்தவர். ஆனால் அவருடைய படப்பிடிப்புத் தளத்தை விடச் சத்தமான இடம் எங்கள் பக்கத்தில் மீன் சந்தை ஒன்றுதான். கையில் தகரப் புனலை வைத்துக்கொண்டு, கேமரா ஓட ஓடக் கத்துவார். "அழு! போதும், மூக்கச் சிந்தாத! இப்பத் திரும்பு! ஐயோ, அந்தப் பக்கம் சுவரு!"

படத்தில் சத்தம் விழாது என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்படியே பதினோரு வருஷம், முப்பத்திரண்டு படங்கள். ஸ்டூடியோவில் அவர் பெயரே புனல்காரர் என்றாகிவிட்டது. பெரியம்மா அங்கேயே மாடி அறையில் பிலிமை வெட்டி ஒட்டுபவர். "என்னைக் கட்டிக்கிறியா?" என்று பெரியப்பா கேட்டதும் கீழிருந்து அந்தப் புனல் வழியாகத்தான்.

"மொத்த ஸ்டூடியோவும் வேலைய விட்டுட்டு என்னையே பாத்துச்சு. நான் என்ன செய்ய?" என்பார் பெரியம்மா.

பிறகு பேசும்படம் வந்தது. பூந்தொட்டிக்குள் மைக்கை ஒளித்து வைத்தார்கள். முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது, "உங்களை மறக்கவே மாட்டேன்" என்று கதாநாயகி உருக, கூடவே பெரியப்பாவின் குரல்: "தலையச் சொறியாதம்மா!"

முதலாளி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ உங்க குரல் விழுந்துச்சுன்னா வீட்டுக்குப் போயிடுங்க. வேற ஆளு தயாரா இருக்காரு."

பெரியப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றால் கூட, அடுத்தவரை அடிக்கவிட்டு இவர் ஆட்டி வைப்பார்.

மறுநாள் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனார். கதாநாயகன் கத்திக்குத்துப் பட்டுச் சாகும் காட்சி. குத்து விழுந்தது. கதாநாயகன் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். "விழு!" என்று சத்தம் வந்த பிறகே விழுந்து பழகியவன். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு வில்லன் இன்னொரு குத்து விட்டான். அப்போதும் அசையவில்லை. பெரியப்பா முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் தானே தரையில் விழுந்து காட்டினார்.

"அண்ணே! என்னாச்சுண்ணே?" கதாநாயகன் பதறி ஓடி வந்து அவர் வாயிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கினான்.

"விழுடா தடியா!"

ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்தார்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இதுல வெட்டி ஒட்ட ஒண்ணுமில்ல."

"அப்ப நான் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

"இருங்க. திரும்ப எடுங்க. அந்த செட்டுச் சுவத்துல ஒரு ஜன்னல் வச்சு, அது வழியா தலைய நீட்டிக் கத்துங்க."

"நான் யாருன்னு கேப்பாங்களே?"

"பக்கத்து வீட்டுக்காரரு. எல்லார் விஷயத்துலயும் மூக்க நுழைக்கிறவரு. உங்களுக்கு வேஷமே போட வேண்டாம்."

பெரியப்பா ஜன்னலில் தலையை நீட்டி ஆசை தீரக் கத்தினார். கதாநாயகன் நேரத்துக்குச் செத்தான். படம் வெளியான ஒரே வாரத்தில், கொட்டகையில் அந்தக் காட்சி வரும் முன்பே ஜனங்கள் "விழுடா தடியா!" என்று கூச்சலிட்டார்கள். போகச் சொன்ன பேச்சை முதலாளி மறந்துபோனார்.

அடுத்தது நடுக்காட்டில் நடக்கும் கதை. "காட்டுல ஏதுய்யா ஜன்னல்?" என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

மாடியிலிருந்து புனல் வழியாகப் பதில் வந்தது. பேசியது பெரியம்மா. "ஜன்னல் இல்லன்னா டைரக்டரும் இல்ல!"

ஆலமரத்தில் ஒரு ஜன்னல் வைத்தார்கள், கம்பியோடு.