ஸ்லோவாக் கழகத்தின் நான்காவது புத்தகம்

சென்ற சனிக்கிழமை சிட்னியின் லிட்கமில் காரைத் திருத்தக் கொடுத்துவிட்டு, அது முடியும்வரை தெருவில் நடந்துகொண்டிருந்தேன். கிழக்கு ஐரோப்பியச் சாமான்கள் விற்கும் சிறிய கடையொன்றின் கதவை யாரோ திறந்தார்கள். நாங்கள் கோவா என்னும் முட்டைக்கோஸைப் புளிக்கவைத்த மணமும் புகையூட்டிய சொசேஜின் மணமும் கலந்து வெளியே வந்தன. நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண்மணியின் தள்ளுவண்டி என் குதிக்காலில் இடித்தது. மன்னிப்புக் கேட்டது நான்தான். இந்த நாட்டில் நான் நன்றாகப் பழகிக்கொண்ட ஆங்கிலம் அதுதான்.

அந்த மணத்தை முதலில் அறிந்தது ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் குசினியில். மேற்குச் சிட்னியில் ஸ்லோவாக்கியர் தொடங்கிய கழகம் அது. ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் வென்றாலும் தோற்றாலும் கோவா சூப் உண்டு. நாங்கள் பெரும்பாலும் தோற்றோம், ஆகவே அந்தப் புளிப்பு எனக்குத் தோல்வியின் சுவையாகவே பதிந்துவிட்டது. தமிழ்ப் பெடியள் சேர்ந்த பிறகு சூப்புச் சட்டிக்குப் பக்கத்தில் எங்கள் மிளகாய்த்தூள் போத்தலும் ஏறியது.

என்னை அங்கே கூட்டிப்போனவர் ரவி அண்ணை. இருவரும் ஒரே பண்டகசாலையில் பெட்டி அடுக்கினோம். நான் இலங்கையிலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருந்த காலம்.

"பந்தடிப்பியோ?"

"பள்ளிக்கூட ரீமில இருந்தனான் அண்ணை."

"என்ன இடம்?"

"வாங்கு. மாற்று ஆட்டக்காரன்."

"காணும். இவங்களுக்கு வாங்கில இருக்கவும் ஆளில்லை."

அது உண்மைதான். பிராக் நகருக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்த பிறகு ஓடிவந்தவர்கள் தொடங்கிய கழகம். முதல் பருவத்தில் உடை மாற்ற அறையில்லை. பழைய பால் வண்டியொன்றின் பின்புறத்தில் மாற்றினார்களாம். பிறகு நகரசபை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் தாங்களே செங்கல் சுமந்து ஒரு கட்டடம் எழுப்பினார்கள். இனப்பெயர்களோடு கழகங்கள் இருக்கக்கூடாது என்று உதைபந்தாட்ட மேலிடம் சொன்ன நாட்களில் பலகையிலிருந்து 'ஸ்லோவாக்' என்ற சொல்லைக் கழற்றினார்கள். ஆணித் துளைகள் மட்டும் அப்படியே இருந்தன. வெயில் சாயும்போது அந்த இடத்தில் எழுத்துகளின் வடிவம் வெளிறித் தெரியும். மேலிடத்துக்கு அதை அழிக்க வழி தெரியவில்லை போலும். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய பிள்ளைகள் தூரத்துப் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டு.

திகதிகளை இங்கே எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்பதை என் மனைவியிடம் கேட்டால் சொல்லுவாள். குளிர்பெட்டி வாங்கிய நாள், அதன் உத்தரவாதம் முடிந்த நாள், அது பழுதான நாள் மூன்றும் என் கொப்பியில் உண்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் பதினொரு நாட்கள்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததில்லை. முதல் விசா நேர்முகத்தில் எங்கள் வீட்டுக்கு ஆமி வந்த நாள் என்று ஒரு திகதி சொன்னேன். இரண்டாவதில் அதற்கு மூன்று நாள் பிந்திய திகதியைச் சொன்னேன். நிராகரித்து வந்த கடிதத்தில் அந்த மூன்று நாட்களுக்கென்று தனியாக ஒரு பந்தி இருந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினேன்.

கழகத்தின் தலைவர் ஸ்டெஃபான். எழுபது கடந்தவர், முழங்கால் இரண்டும் போய்விட்டன. எங்கள் பெடியள் அவரை அங்கிள் என்றபோது, "நான் ஒருத்தற்ற அங்கிளும் இல்லை" என்று முதல் மாதம் முறைத்தார். மூன்றாம் மாதம் தொலைபேசியில், "அங்கிள் கதைக்கிறன்" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகு அது யாழ்ப்பாணத் தமிழாகவே என் காதில் விழுகிறது. இதை மட்டும் திருத்த மனமில்லை.

நான் எதையாவது குறித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து எனக்குப் புரொபசர் என்று பெயர் வைத்தார். கழகத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகங்களையும் என்னிடம் தந்தார். மூன்று புத்தகங்கள் நீல மையில், ஸ்லோவாக் மொழியில். நான்காவதை நான் தொடங்கினேன், ஆங்கிலத்தில். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கூட்டம் செல்லுபடியாக ஏழு பேர் வேண்டும். ஆகவே செயலாளர் கூட்டத்துக்கு முன்னமே பக்கத்தில் ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிட்டு வைப்பார். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் ஒரு பெயர். ஏழாவது வரி நிரம்பியதும் தலைவர் மேசையைத் தட்டுவார். நானும் அப்படியே செய்தேன்.

குத்தகை முடிகிற ஆண்டின் கூட்டம் ஒரு மழை ஞாயிறில் வந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பம் அந்த வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். கழகம் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக அந்த ஆண்டுக்கூட்டக் குறிப்பை இணைக்க வேண்டும். நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். சூப் ஆறிப்போனது. ஸ்டெஃபானுக்கு மறுநாள் காலை இருதய சத்திரசிகிச்சை. அவருடைய பை ஏற்கெனவே காரில் இருந்தது. இன்னொரு நாள் கூட்டம் வைக்க வழியில்லை.

"மகேசின்ர பேரை எழுது" என்றார் ரவி அண்ணை.

"மகேஸ் இப்பவும் மெம்பர்தான், ஆனா மெல்பேணில, பொயிண்ட் குக்கில எல்லோ இருக்கிறான்."

"இப்ப போன் அடிக்கிறன். குரல் வந்தா ஆள் வந்தமாதிரித்தானே."

"கழகத்தின்ர யாப்பு விதியில நேரில எண்டுதான் இருக்கு அண்ணை."

"உனக்கு விசாப் பயம்."

"பயமில்லை. பழக்கம்."

"ஒரு பேர், தம்பி. ஆருக்கு நட்டம்?"

நான் ஸ்டெஃபானைப் பார்த்தேன். அவர் எழுதச் சொன்னால் எழுதியிருப்பேனா? தெரியாது. அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "புரொபசர் என்ன நடந்ததோ அதை எழுதட்டும்" என்றார். எழுதினேன். ஆறு பேர் சமூகமளித்தனர். போதிய எண்ணிக்கை இன்மையால் கூட்டம் நடைபெறவில்லை. அவர் கையெழுத்திட்டார். ரவி அண்ணை சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினார். 

குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. நகரசபையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டமே நடத்தாத கழகத்துக்கு யார் நிலம் கொடுப்பார்கள்?

கட்டடத்தை ஒப்படைக்குமுன் சுவரிலிருந்த பழைய உறுப்பினர்களின் படங்களைக் கழற்றியது நான். ஒவ்வொரு படச்சட்டத்தின் பின்புறத்திலும் அவர் இறந்த நாளை ஸ்டெஃபானின் மனைவி எழுதி வைத்திருந்தார். வேறு யாராவதென்றால் படங்களைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். நான் உட்கார்ந்து நாட்களைப் புத்தகங்களோடு சரிபார்த்தேன். ஸ்லோவாக் தெரியாவிட்டாலும் பெயரும் திகதியும் வாசிக்கலாம். மூன்றாவது புத்தகத்தில் ஓர் ஆண்டுக்கூட்டம். ஏழாவது வரியில் யூராய் என்ற கோல்காப்பாளரின் பெயர். அவருடைய படத்தின் பின்னால் இருந்த நாள், அந்தக் கூட்டத்துக்கு மூன்று கிழமை முந்தியது. எழுத்து ஸ்டெஃபானுடையது. அப்போது அவர்தான் செயலாளர்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். மார்பில் தையலோடு சாய்கதிரையில் இருந்தார். பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போடாமலே சிரித்தார்.

"அண்டைக்கும் மழை. ஆறு பேர்தான் வந்தம். யூராய் கோல்காப்பாளன், எப்பவும் கடைசியாத்தான் வருவான். அவன்ர கதிரை சும்மா இருந்தது. எழுதினன்."

"அப்ப என்னட்டையும் எழுதச் சொல்லியிருக்கலாமே அங்கிள்."

 மனைவி தேநீர் வைத்துவிட்டுப் போனதும் புத்தகத்தை மூடினார்.

"எனக்கு அப்ப குடியுரிமை இருந்தது. உனக்கு இன்னும் விசாக் கடிதம் வரேல்லை" என்றார். "பொய்யா எழுதின பேர் ஒண்டு உன்ர பைலுக்குள்ள போகக்கூடாது."

தேநீரைக் குடித்தேன். சீனி போட மறந்திருந்தார்கள். கேட்கவில்லை.

கடிதம் பிறகு வந்தது. அந்த நாளும் கொப்பியில் இருக்கிறது. நிரந்தர விசாவைப் பார்க்க ஸ்டெஃபான் இருக்கவில்லை. கட்டடத்தை இடித்து வாகனத் தரிப்பிடம் ஆக்கிவிட்டார்கள். மைதானத்தில் செயற்கைப் புல். மழை பெய்தாலும் சேறு இல்லை. பலகையும் இல்லை, துளைகளும் இல்லை. ரவி அண்ணை டூங்கபியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நாங்கள் சந்திப்பது கலியாணங்களில். பேசுவது வட்டி வீதத்தைப் பற்றி.

லிட்கம் கடையில் ஒரு போத்தல் கோவா வாங்கி வந்தேன். மகள் முகர்ந்து பார்த்துவிட்டு "டாட், இட்ஸ் ஆஃப்" என்று, கெட்டுப்போன சாமான்போல, குப்பைக்குள் போடப் போனாள். வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு அலுமாரியைத் திறந்தேன். நான்கு புத்தகங்களும் விசாக் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன. திகதி கேட்டு இப்போது எவரும் கடிதம் எழுதுவதில்லை. ஸ்டெஃபானின் பெயரை ஏழாவது வரியில் எழுதினால் கேட்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டே நான்காவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். அவருடைய பெயர் முதலாவது வரியிலேயே இருந்தது. ஏழாவது வரியில் இடமில்லை. பின்னால் எவரும் ஒரு பெயரைச் செருகிவிடக்கூடாது என்று, அன்றைக்கே அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நல்ல நேரான கோடு.