ஆறு வோல்ட் கார், இருபத்துநாலு வோல்ட் மாப்பிள்ளை

நாமக்கல்லில் இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் மணிமாறனுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. “கண்ணைக் கட்டி உட்டாலும் ஒயர் இழுப்பேனுங்க” என்பார். இப்போது யாராவது அதை ஞாபகப்படுத்தினால், “கண்ணைக் கட்டித்தானுங்க இழுத்தேன்” என்று அவரே சிரிக்கிறார்.

மோகனூரில் அவருடைய மாமனார் குமாரசாமியிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. மகன் மதனை மாப்பிள்ளை அழைப்புக்கு அதில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று பெரியவருக்கு ஆசை. மணிமாறன் பெண் கேட்டுப் போனபோது ‘ஒயர் புடுங்கறவனுக்கா பொண்ணு?’ என்று முணுமுணுத்த சொந்தபந்தமெல்லாம் அங்கே கூடும். அவர்கள் வாயை அடைக்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று, ஒயரிங் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பானெட்டைத் திறந்ததும் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே ஒவ்வொரு ஒயரும் அத்தனை தடிமன்.

“என்னங்க மாமா, லைட்டுக்குப் போட்ட ஒயருங்களா, மாடு கட்டற கயிறுங்களா? அந்தக் காலத்து ஆளுகளுக்குக் கணக்கே தெரியலீங்க.”

மணிமாறன் பழசையெல்லாம் உருவி எறிந்தார். லாரி ஹெட்லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயரை இழுத்து, அழகாக டேப் சுற்றி, நடுப்பகல் வெயிலில் லைட்டைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது. அதோடு திருப்தியாகிவிட்டார்.

அழைப்பு நாளன்று பொழுது சாயும் நேரம், கோயில் வாசலில் மதன் மாலையோடு காரில் ஏறினான். மேளம் தொடங்கியது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த மணிமாறன் ஜம்பமாக சுவிட்சைத் தட்டினார்.

“லைட்டப் போடுங்க மாப்ள, இருட்டாகுதுங்க” என்றார் மாமனார்.

“போட்டாச்சுங்க மாமா.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தால், இரண்டு பல்பும் அடுப்பில் அணையப்போகும் கங்கு மாதிரி சிவந்துகொண்டிருந்தன. ஒயரைத் தொட்டார். சுட்டது. அவர் கை பழகிய லாரிகள் எல்லாம் இருபத்துநாலு வோல்ட். இந்தக் கார் ஆறு வோல்ட். அதே வெளிச்சத்துக்கு நாலு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதற்குத்தான் அந்தத் தடித்த ஒயர். பேட்டரி ஆறு வோல்ட் என்பது தெரியாதவரல்ல. ஆனால் கை பழக்கதோஷத்தில் லாரிக்கே ஒயர் வெட்டிவிட்டது.

‘பேட்டரி வீக்குங்க’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே மனைவி தேவிப்ரியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பேட்டரி மேல குத்தமில்லீங்க மாமா. நாந்தான் ஒயரை மெலிசாப் போட்டுட்டேன். கணக்குத் தெரியாதவன் நாந்தானுங்க.”

காது மடல் எரிந்தது. குமாரசாமி டிக்கியைத் திறந்தார். மணிமாறன் உருவி எறிந்த பழைய ஒயரைச் சுருட்டிக் கட்டி உள்ளே வைத்திருந்தார்.

“எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வெச்சேனுங்க மாப்ள.”

தன்னை மாமனார் எவ்வளவு நம்பினார் என்பது அப்போதுதான் தெரிந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார். மேலுறை வெடித்த இடங்களில் டேப் சுற்றி, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து ஹெட்லைட் வரை மட்கார்டு மேலாகவே இழுத்தார். வெளிச்சம் தெருக்கோடி வரை பாய்ந்தது.

கல்யாண ஆல்பத்தில் மணிமாறன் மட்கார்டு மேல் கையூன்றி, காரே தன்னுடையது போல நிற்கிறார். கையை எடுக்கச் சொல்லி போட்டோக்காரர் மூன்று தடவை கேட்டார். ஒயர் தெரியும் என்று அவர் எடுக்கவே இல்லை.