பில்லின் அடியில் ஒரு வரி

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் கூடத்து நாற்காலியிலிருந்து அடுப்புக்குப் பதினேழு எட்டு வைக்க வேண்டும். என் மனைவிக்குக் காது மந்தமாகி இரண்டு வருடம் ஆகிறது. காதில் மெஷின் வைத்தால் இரைச்சல் தாங்கவில்லை என்று கழற்றிவிடுவாள். குக்கர் விசில் கேட்காமல் ஒரே மாதத்தில் மூன்று முறை பருப்பு கரிந்தது. "இன்னொரு தடவை கரிஞ்சா சமையலுக்கு ஆள் வெச்சிடறேன்" என்றான் மகன். நாற்பத்தாறு வருடமாக அவள் ஆண்ட அடுப்படி. அன்று அவள் சாப்பிடவில்லை. விசிலை நான் எண்ணிச் சொல்கிறேன் என்றேன். "உங்க கணக்குல என் சமையல் நடக்க வேணாம்" என்றாள்.

தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனோம். "இவங்களுக்குக் காது மந்தம். கூடத்துல உட்கார்ந்தா விசில் கேட்கணும். அப்படி ஒரு குக்கரா நீங்களே பார்த்துக் குடுங்க" என்றேன். விற்பவர் ஒன்றை எடுத்து வைத்து, "இது அடிச்சா பனகல் பார்க் வரைக்கும் கேக்கும்" என்றார். அதைப் பில்லில் எழுதச் சொன்னேன். எதை வாங்கினாலும் அது என் வழக்கம். அவர் பக்கத்து ஆளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அடியில் பெரிதாக எழுதினார்: 'காது மந்தமானவருக்குக் கூடத்தில் கேட்கும் விசில்.' வேடிக்கைக்காக சீலும் குத்தினார்.

வீட்டில் ஒரே தடவை அடுப்பில் ஏற்றினோம். விசில் அடிக்கவில்லை, பெருமூச்சு விட்டது. மறுபடி ஏற்ற நான் விடவில்லை. தொடர்ந்து புழங்கினால் சாமானை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். மறுநாள் ஷட்டர் தூக்கும்போதே கடை வாசலில் நின்றோம்.

முதலாளி பில்லை மேலோட்டமாகப் பார்த்தார். "இன்னா பெரியவரே, விசில்தானே? வாரண்டி கீது. வேற விசில் போட்டுத் தரேன், எடுத்துக்கினு போங்க."

மாலை வகுப்பில் சட்டம் படித்துவிட்டு ஒரு நாளும் நீதிமன்றப் படி ஏறாதவன் நான்.

"கைப்பிடி ஆடினா வாரண்டி, சரி பண்ணிக் குடுத்தாப் போதும். நான் வாங்கினதே விசிலுக்காக. எதுக்குன்னு சொல்லி, உங்க ஆளை நம்பி எடுத்தேன். இது வாரண்டி இல்ல, நிபந்தனை. அது தப்பினா சாமானையே திருப்பலாம்."

"இதுக்குப் போய் கோர்ட்டுக்குப் போவியா நைனா?"

"முதல்ல பில்லோட அடியில படிங்க."

படித்தார். விற்றவர் பக்கம் திரும்பினார். "அடப்பாவி, சீல் வேற குத்திக்கீறே!" கடையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள், கடைசியில் அவரும் சிரித்தார். "சரி, துட்டா, வேற குக்கரா?"

"வேற குக்கர். அடுப்புல வெச்சுக் காட்டுங்க."

கடையின் பின்புறம் டீ போடும் அடுப்பு இருந்தது. அங்கிருந்து பதினேழு எட்டு எண்ணி மனைவியைத் தெருவைப் பார்க்க நிறுத்தினேன். முதல் குக்கருக்கு அவள் அசையவில்லை. இரண்டாவது, தலையில் கனத்த குண்டு வைத்த பழைய மாதிரி, வீறிட்டது. அவள் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினாள். "ஒண்ணு!" தெருவே திரும்பிப் பார்த்தது.

புதுப் பில்லின் அடியில் அந்த வரியை, நான் கேட்காமலே, முதலாளி எழுதினார்.

அன்று மதியம் மகன் கூடத்தில் இருந்தான். மூன்றாவது விசிலுக்கு நான் வாயைத் திறக்குமுன் அவள் எழுந்துவிட்டாள். பதினேழு எட்டு, நான் எண்ணினேன். பருப்பு மலர்ந்து வெந்திருந்தது. சமையல் ஆள் பேச்சை மகன் அப்புறம் எடுக்கவே இல்லை.